நீலக் கேடயத்துக்கு மேலே வந்து நின்றவர்

கடலோரக் களப்புக்கும் பனங்கூடலுக்கும் நடுவே நூற்றிருபது வீடுகளோடு கிடக்கிற வெள்ளாங்கண்டலில், பள்ளிக்கூட வாசிகசாலையின் ஓட்டுக் கூரைக்கு மேலே, ஒரு முழமும் ஒரு சாணும் உயரத்தில், ஒரு ஷெல் பத்தொன்பது வருஷம் விழாமல் நின்றது. அது விழவேண்டிய நாள் ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, நேரம் காலை ஒன்பதே கால். அன்றைக்கு ஊருக்குள் வந்த பதினொரு ஷெல்களில் பத்து, விழுகிற இடங்களில் விழுந்து, எடுக்கிறவர்களை எடுத்துக்கொண்டு போயின. பதினோராவது, வாசிகசாலைக் கூரையில் கீறியிருந்த நீலமும் வெள்ளையுமான கேடயத்தை நோக்கி நேரே வந்து, அதற்கு மேலே சட்டென்று நின்று, மூக்கைக் கீழே சரித்தபடி, எதையோ வாசித்துவிட்டு யோசிக்கிற ஆளைப் போல அங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் கேடயத்தைக் கீறியவள் தவநிதி. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள், வாசிகசாலைக்கும் அவள்தான் பொறுப்பு. அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த கதைப்புத்தகப் பெட்டி ஒன்றுக்குள், உலகத்துப் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கிற அமைப்பு ஒன்று தமிழில் அச்சிட்ட எட்டுப் பக்கக் கையேடும் வந்திருந்தது. நாடுகள் எல்லாம் கூடி ஒப்புக்கொண்ட சட்டம் ஒன்று இருக்கிறது என்றும், போர் நடக்கிற இடங்களில் நூலகங்களும் கோயில்களும் பழைய கட்டடங்களும் தாக்கப்படலாகாது என்றும், அவற்றை அடையாளம் காட்ட இன்ன அளவில் இன்ன நிறத்தில் ஒரு கேடயம் கீறவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. படமும் இருந்தது: கீழே கூராக முடிகிற கேடயம், அதற்குள் ஒரு நீலச் சதுரம், மேலே ஒரு நீல முக்கோணம், இரண்டு பக்கமும் வெள்ளை. தவநிதி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றை மீனவர் சங்கத்தில் கேட்டு வாங்கி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு கரைத்து, இரண்டு நாள் கூரையில் படுத்துக் கிடந்து கீறினாள். அவளுடைய புருஷன் வரதலிங்கம், ரேடியோ திருத்துகிறவர், இரண்டு நாளும் தன் வேலையை விட்டுவிட்டுக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்தபோது வாளியின் அடியில் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருந்தது.

"இதை வைச்சு எங்கட வீட்டுக் கூரையிலையும் ஒண்டு கீறிவிடுமன்" என்றார் வரதலிங்கம்.

அவள் கையேட்டின் ஆறாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். இந்த அடையாளத்தை வேறு கட்டடங்களில் இடலாகாது, இட்டால் அதன் மதிப்புக் கெடும் என்று அதில் இருந்தது.

"வீட்டுக்குக் கீறக்கூடாதாம். நாங்கள் வீட்டுக்குக் கீறினால் நாளைக்கு இதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

வரதலிங்கம் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனார். அதற்குப் பதினேழாம் நாள் வந்த பதினொன்றில் ஏழாவது அவர்கள் வீட்டில் விழுந்தது. தவநிதி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வரதலிங்கம் வீட்டில் இருந்தார்.

ஊர் அன்று மத்தியானமே களப்பைக் கடந்து ஓடியது. ஓடுகிற அவசரத்தில் இரண்டு பேர் வரதலிங்கத்தைப் பாயில் சுற்றிப் பின்வளவில் மண்போட்டு மூடினார்கள். ஒப்பாரி இல்லை, பந்தல் இல்லை, எட்டாம் நாள் இல்லை, முப்பத்தோராம் நாள் இல்லை. முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் இழவு இருந்தபடியால் யாரும் யாருடைய இழவுக்கும் போகவில்லை.

பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடுகளில் பாதி இல்லை. வாசிகசாலை இருந்தது, அதற்கு மேலே ஷெல்லும் இருந்தது. முதல் மூன்று மாதம் சனங்கள் பள்ளிக்கூடப் பக்கம் போகாமல் பனங்கூடலைச் சுற்றி நடந்தார்கள், பிள்ளைகளை மரத்துக்குக் கீழே வைத்துப் படிப்பித்தார்கள். பிறகு ஒரு நாள் யாரோ ஒருவருடைய ஆடு மதிலில் தாவிக் கூரையில் ஏறி, ஷெல்லின் பக்கத்தில் போய்க் கழுத்தைத் தேய்த்துவிட்டு இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டபிறகு சனங்கள் ஐம்பது யார் தூரத்துக்குக் கிட்டப் போனார்கள், அடுத்த மாதம் இருபது யார் தூரத்துக்குக் கிட்டப் போனார்கள், தைப்பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் உள்ளே தொடங்கியபோது ஆறாம் வகுப்பு அதற்கு நேர் கீழே இருந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து அண்ணாந்து பார்த்து, நெடுநேரம் தங்களுக்குள் கதைத்துவிட்டு, தங்கள் விதிமுறை நிலத்தில் கிடக்கிறதற்கும் நிலத்துக்குள் கிடக்கிறதற்கும்தான் பொருந்தும், ஆகாயத்தில் நிற்கிறது தங்கள் பொறுப்பில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளையார் கோயில் ஐயர் நீளத் தடியின் நுனியில் சந்தனம் தோய்த்து அதற்கு ஒரு பொட்டு வைத்தார், களப்புக்கரைச் சேர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், அது இரண்டையும் ஏற்றுக்கொண்டு பேசாமல் நின்றது. அதை ஷெல் என்று சொல்ல வாய் வராத சனங்கள் "வந்தவர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். வந்தவருக்கு இடப்பக்கம் சைக்கிளை விடு என்றார்கள், வந்தவரில் வெயில் பட்டால் இடைவேளை என்றார்கள். கணக்கு ரீச்சர் கோணங்களைப் படிப்பிக்க அதைக் காட்டினாள். மைனா ஒன்று அதன் வால் இறகுகளுக்கு நடுவே கூடுகட்டிப் பொரித்து, குஞ்சுகள் பறந்தபிறகு அடுத்த வருஷமும் வந்தது. கலியாணம் முடித்தவர்கள் அதற்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். கடைசியில், தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கிற அளவுக்குக்கூட யாரும் அதைப் பார்க்காத காலம் வந்தது. ஊர் திரும்பியபோது மூன்று வயதாய் இருந்து, வந்தவருக்குக் கீழேயே படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒன்று, அங்கத்தைய நூலகத்துக்கு முதல்நாள் போனபோது வெளியே நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்து, இவர்களுடையது எங்கே என்று கேட்டதாம்.

ஊருக்கு வந்தவர் பழகிவிட்டார். தவநிதிதான் பழகவில்லை.

அவளை யாரும் ஏசவில்லை. விழாக்களில் அவளுக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். ஆனால் அந்தக் கதிரைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்த கதிரைகளில், கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும், யாரும் இருக்கவில்லை. அவள் கை பட்ட இடத்தில் ஒரு ஷெல் நின்றிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கை இன்னும் பத்து இடத்தில் பட்டிருக்கலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. ஒழுங்கைக்கு எதிர்ப்புறம் இருக்கிற தெய்வானைப்பிள்ளையின் பன்னிரண்டு வயது மகள் மூன்றாவது ஷெல்லோடு போனவள். ஊர் திரும்பிய முதல் கிழமை தெய்வானைப்பிள்ளை தவநிதியின் வீட்டுப் படலைக்கு வந்து, "புத்தகத்துக்குக் கீறின கைக்கு எங்கட கூரை கண்ணுக்குத் தெரியேல்லையோ" என்று கேட்டாள். தெய்வானைப்பிள்ளை திரும்பிப் போனாள், அன்றிலிருந்து அவர்கள் கதைக்கவில்லை. ஒருத்தி முற்றம் கூட்டுகிற சத்தம் மற்றவளுக்குக் கேட்கும், ஒருத்தியின் தாளிதம் மற்றவளுக்கு மணக்கும், அவ்வளவுதான்.

ஊரைவிட்டுப் போகவும் அவளால் முடியவில்லை. திரும்பி வந்த முதல் மாரியில், மழை கேடயத்தின் நீலத்தைக் கரைக்கக் கரைக்க, ஷெல் இறங்குவதை அவள் கண்டாள். இரண்டு விரல்தான், ஆனால் இறங்கியது. நீலத்தைப் புதுப்பித்தபோது நின்றது, ஏறவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாதியும் மழைக்கு முந்தி அவள் தனியே ஏணியைச் சாத்தி ஏறி, ஓட்டில் வயிறுபடப் படுத்து, பிடரியில் இரும்பின் குளிர் தட்டத் தட்டக் கேடயத்தை மறுபடி கீறினாள். ஒரு வருஷம் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, சித்திரப் பிள்ளைகள் அதே அளவில் அதே நிறத்தில் அவளைவிட வடிவாகக் கீறினார்கள். அந்த வருஷம் அது நாலு விரல் இறங்கியது. அதோடு அது அவள் கைக்கு மட்டுமான வேலை என்று முடிவாகியது. ரொறன்ரோவிலிருந்த தங்கச்சி மூன்று தரம் விண்ணப்பம் நிரப்பி அனுப்பினாள், மூன்று தரமும் தவநிதி, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எழுதினாள்.

கூரையில் கிடக்கிற அந்த நேரத்தில் ஷெல்லுக்குள்ளே ஒரு இரைச்சல் கேட்கும். வந்தபோது கொண்டுவந்த இரைச்சல், வெளியே வரக் கிடைக்காமல் உள்ளே சுற்றுகிறது. வருஷத்தில் முன்னூற்று அறுபத்துமூன்று நாள், இடிந்த இடத்திலேயே தகரம் போட்டுக் கட்டிய தன் வீட்டில் பானைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேளாத தவநிதிக்கு, அந்த இரண்டு நாள் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அப்படி இருக்கிறது அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும்.

பதினெட்டாம் வருஷம் வைகாசியில் அந்தக் கையேட்டை அனுப்பிய அமைப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்று பேர் அளவெடுக்கிறவர்கள். நாலாவது அம்ரா என்ற அறுபது வயதுப் பெண், மொழிபெயர்க்க யாமினி என்ற பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். அளவெடுக்கிறவர்கள் ஒன்பது நாள் கயிறும் கருவியுமாக நின்று, கடைசியில் அது நிற்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். அம்ரா ஒன்றையும் அளக்கவில்லை. முதல்நாளே ஏணியில் ஏறி, ஷெல்லின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கொஞ்சநேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு இறங்கினார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் தவநிதியின் வீட்டுக்கு வந்தார். இவ்வளவு காலத்தில் அந்த வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க என்று வந்த முதல் ஆள் அவர்தான். வீட்டில் ஒரு கோப்பைதான் இருந்தபடியால் மற்ற இரண்டையும் தவநிதி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

அம்ரா தன் ஊரைப் பற்றிச் சொன்னார். மலைகள் சூழ்ந்த நகரம், அங்கேயும் நூலகம், அங்கேயும் அதே கேடயம் இருந்தது, மூன்று நாள் எரிந்தது. எரிந்த தாள்கள் கரும்பறவைகள் போல நகரத்துக்கு மேலே பறந்தன, கையில் வந்து விழுந்த தாளில் எழுத்து இன்னும் தெரியும், தொட்டால் தூளாகும். சட்டம் எழுதிய நாளிலிருந்து எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கூரைகளில் எங்கள் ஆட்கள் இதைக் கீறியிருக்கிறார்கள் என்றார், சில இடத்தில் மனிதர் மதித்தார்கள், பல இடத்தில் மதிக்கவில்லை.

"எந்த ஷெல்லும் எங்கட சட்டத்தை வாசிச்சதில்லை எண்டு சொல்லுறா" என்றாள் யாமினி.

"இது வாசிச்சிருக்கு" என்றாள் தவநிதி.

"ஏன் இது மட்டும் எண்டு கேக்கிறா. நீங்கள் அதிலை வேறை என்ன செய்தனீங்கள் எண்டு."

"ஒண்டும் செய்யேல்லை. தாளிலை இருந்தபடி செய்தன்."

அவள் எழும்பிப் போய்த் தகரப்பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்து வந்து ஆறாம் பக்கத்தை விரித்தாள். அந்த வசனத்தில் விரலை வைத்தாள்.

"இதை எழுதினது ஆரெண்டு கேளுங்கோ பிள்ளை. அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

யாமினி கேட்டாள். அம்ரா தாளைப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ஆனால் படமும் பக்க எண்ணும் தெரிந்தன. பிறகு மெதுவாகச் சொன்னதை யாமினி இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"தானாம். அந்தக் கந்தோரிலை வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலை குடுத்த முதல் பெரிய வேலையாம் இந்தக் கையேடு. இந்த வசனம் முதல் பிரதியிலை இருக்கேல்லையாம். தன்ரை ஊரிலை ஒளிச்சு நிண்டு சுட்டவையும் இந்த அடையாளத்தைக் கீறினபடியாலைதான் கடைசியிலை ஒருத்தரும் மதிக்காமல் போச்சுதெண்டு, தான்தான் சேர்க்கவேணுமெண்டு நிண்டு சேர்த்தவவாம்."

ஒழுங்கையில் யாரோ சைக்கிள் உருட்டிக்கொண்டு போனார்கள். தவநிதி கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதை எழுதிய ஆளைக் கண்டால் தனக்குக் கோபம் வரும் என்று அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். யார் என்று தெரியாத ஒருவரிடம், குசினியில் அரிசி களைகிறபோதெல்லாம், அவள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாள். இப்போது அந்த ஆள் முன்னால் இருந்தபோது, அவருடைய தேத்தண்ணியில் ஆடை படர்ந்ததைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

"அது சரியான வசனம்தான் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "எனக்கு அப்பவும் அது சரியெண்டுதான் பட்டது, என்ரை மனுசனுக்கும் அப்பிடித்தான். பிழையெண்டால் நான் எப்பவோ உங்களை ஏசிப்போட்டு நிம்மதியாய் இருந்திருப்பன்."

யாமினி அதைச் சொல்லி முடித்ததும் அம்ரா எழுந்து வெளியே போய், படலையைப் பிடித்தபடி நின்றார். எதிர்வீட்டில் தெய்வானைப்பிள்ளை கூட்டுமாறோடு நின்று அவரைப் பார்த்தாள்.

அவர்கள் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில் அறிவித்தல் வந்தது. வெள்ளாங்கண்டல் வாசிகசாலையையும் அதன் மேலே நிற்கிறதையும் உலகத்துக்குப் பொதுவான சொத்தென்று பட்டியலில் சேர்க்க அந்த அமைப்பு விரும்புகிறது, கேடயத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தவநிதிக்கு ஆயுட்காலக் காவலர் என்ற பட்டம் கொடுக்கிறது, அவள் சம்மதித்து ஒப்பமிட வேண்டும். ஊர் சந்தோஷப்பட்டது. அதிபர் கூட்டம் கூட்டி, பெயர்ப்பலகையை எங்கே நிறுத்துவது, வருகிற ஆட்களை எங்கே தங்கவைப்பது என்று கதைத்தார். தவநிதி முன்வரிசையில், இரண்டு வெறுங்கதிரைகளுக்கு நடுவே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்ராவும் யாமினியும் மறுபடி வந்து மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். தாளை அவளுக்கு முன்னால் வைத்தபோது அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"நான் ஒப்பம் வைக்கமாட்டன்" என்றாள். "இனிமேல் கீறவும் மாட்டன்."

அதிபர் தன் குரலை இறக்கிக்கொண்டார். "ரீச்சர், உலகம் முழுக்க எங்கட ஊரைப் பார்க்கப்போகுது. நீங்கள் செய்த வேலைக்கு இப்பதான் ஒரு மதிப்பு வருது. இதை விட்டால் அவர் இறங்குவாரெண்டு உங்களுக்குத்தான் நல்லாய்த் தெரியும்."

"தெரியும் சேர். இறங்கட்டும். ஒவ்வொரு வருஷமும் நான் ஏறுறன். ஒரு வருஷமாவது கீழை நிண்டு ஏணி பிடிக்கிறதுக்கு ஒருத்தரும் வரேல்லை. நான் குறையாய்ச் சொல்லேல்லை. பயமாய் இருந்திருக்கும். ஆனால் எனக்கு வயது போகுது. நான் செத்தால் அது இறங்கத்தான் போகுது, அப்ப புத்தகமும் பிள்ளையளும் கீழை இருக்கும். இப்ப எண்டால் அதுகளை வெளியிலை எடுக்கலாம்."

"அப்ப நாங்கள் என்ன செய்யவேணுமெண்டு சொல்லுறியள்?" என்று கேட்டார் அதிபர்.

அவள் அம்ராவின் பக்கம் திரும்பினாள். "பட்டியல் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. புத்தகங்கள் வைக்க வேறை ஒரு கட்டடம் தரச்சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழும்பியது. இத்தனை வருஷம் காத்ததை வெடிக்கவிடுவதா என்று ஒருவர் கேட்டார், உலகச் சொத்தை மறுக்க இவள் யார் என்று இன்னொருவர் கேட்டார். அம்ரா தாளை இழுத்து, அதில் அச்சிட்டிருந்ததன் மேல் குறுக்கே கோடு போட்டு, புதிய கட்டடம் ஒன்று தருவதாகப் பின்பக்கத்தில் தன் கையால் இரண்டு வரி எழுதி ஒப்பம் வைத்தார்.

கட்டடம் ஆவணியில் எழும்பியது, பள்ளிக்கூட மைதானத்துக்கு அப்பால், இருநூறு யார் தூரம் தள்ளி. புரட்டாதி முதல் கிழமை பிள்ளைகள் வரிசையாக நின்று, பழைய வாசிகசாலையின் வாசலிலிருந்து புதியதின் வாசல்வரை, ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களையும் கைக்குக் கை மாற்றினார்கள். பிள்ளைகள் போதாத இடத்தில் தாய்மார் நின்றார்கள், தாய்மார் போதாத இடத்தில் மீனவர் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். ஆறாம் வகுப்பும் மேசை கதிரையோடு புதிய கட்டடத்துக்குப் போனது. பழையதைச் சுற்றி முள்ளுக்கம்பி போட்டார்கள். அந்தப் புரட்டாதியில் தவநிதி, காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே, முதல் தடவையாகக் கூரையில் ஏறவில்லை. வீட்டில் இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் நீலம் இல்லாத புரட்டாதி அது.

ஐப்பசி மழை வந்தது, கார்த்திகை மழை வந்தது. நீலம் கரைந்து ஓட்டுத் தாழ்வாரத்தால் வடிந்து மணலில் இறங்கியது. ஷெல் ஒரு கிழமைக்கு ஒரு சாண் இறங்கி ஓட்டைத் தொட்டது, இரண்டு ஓடுகளை நோகாமல் உடைத்து உள்ளே போனது, கூரையின் குறுக்கு வளையைத் தொடாமல் ஒதுங்கி, ஆறாம் வகுப்பு இருந்த இடத்துக்கு மேலே சில நாள் நின்றது. சனங்கள் கம்பிக்கு வெளியே நின்று யன்னலால் பார்த்தார்கள். இவ்வளவு காலமும் பார்க்காமல் இருந்ததை எல்லாம் சேர்த்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல, முட்டையில் அமர்கிற கோழியின் பக்குவத்தோடு அது சீமெந்துத் தரையில் அமர்ந்தது.

நிலத்தில் கிடக்கிறது விதிமுறைக்குள் வரும் என்றபடியால் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் மறுநாளே வந்தார்கள். தொட்டிலைத் தூக்குவது போலத் தூக்கி, மணல் பரப்பிய வண்டியில் கிடத்தி, களப்புக்கு அந்தப்பக்கம் உப்பு வெளிக்குக் கொண்டுபோனார்கள். ஊர் கரையில் நின்றது. சரியாகப் பதினொன்றேகாலுக்கு ஒரு புகை எழும்பியது, பிறகு சத்தம் வந்தது. பத்தொன்பது வருஷம் முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு வந்திருக்க வேண்டிய சத்தம் அது. கரையில் நின்ற பெரியவர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, நிலத்தில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்றபடி, இவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள்.

தவநிதி கரைக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்குள் பாயில் இருந்தாள். சத்தம் சுவரில் அடித்து, கூரைத் தகரத்தில் ஓடி, பின்வளவால் போய் அடங்கியபோது, அவளுக்குத் தன் வாயிலிருந்து ஒரு குரல் வருவது கேட்டது. அது தன்னுடையது என்று விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. முதலில் அது அழுகையாக இருக்கவில்லை, நெடுநாள் திறக்காத கதவின் சத்தம் போல இருந்தது, பிறகு அழுகையாகியது.

எதிர்வீட்டுக்கு அது கேட்டது.

தெய்வானைப்பிள்ளை கரையிலிருந்து அப்போதுதான் வந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள். தட்டுவதை நிறுத்தினாள். ஒழுங்கையைக் கடந்தாள், படலையைத் திறந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் இருப்பது போல, ஒன்றும் சொல்லாமல் தவநிதிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். அவளைக் கண்டு அடுத்தவீட்டுப் பெண் வந்தாள், அவளைக் கண்டு அதற்கடுத்தவள் வந்தாள். பாய் போதாமல் வெறும் நிலத்தில் இருந்தார்கள். பின்னேரம் யாரோ மூன்று தடி நட்டு முற்றத்தில் ஒரு படங்கைக் கட்டினார்கள், யாரோ தங்கள் வீட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்கள். அதிபர் வந்து படங்குக்குக் கீழே ஆண்களோடு இருந்தார். இப்படி ஏழு நாள் வந்தார்கள். வருகிறவர்களுக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தவநிதிக்கு மறந்துபோயிருந்தது. அவர்கள் போனபிறகு வீடு முந்தியைவிட அமைதியாக இருந்தது, அது அவளுக்குப் பயமாக இருந்தது.

ஏழாம் நாள் பின்னேரம் எல்லோரும் எழும்பிப் போக, தெய்வானைப்பிள்ளை மட்டும் போகாமல் இருந்தாள். இந்த ஏழு நாளும் அவள் ஒரு வார்த்தை கதைத்திருக்கவில்லை.

"நாளைக்கு எட்டாம் நாளெல்லோ" என்றாள். "படைக்கவேணும். அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

தவநிதி அவளைப் பார்த்தாள். இவ்வளவு காலத்தில் வந்தவரைப் பற்றிக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கும். வரதலிங்கத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்றே நினைவு வரவில்லை. தெய்வானைப்பிள்ளை அவசரப்படாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்தாள்.

"நண்டு" என்றாள் தவநிதி கடைசியில். "முருங்கையிலை போட்டு, தண்ணியாய் வைக்கவேணும். ஆனால் தானாய்க் கால் உடைச்சுத் தின்னமாட்டார். கை நாறினால் ரேடியோவிலை வேலை செய்யேலாதெண்டு சொல்லுவார். நான்தான் உடைச்சு வைக்கிறது. வைக்க வைக்கத் திண்டுகொண்டிருப்பார், எனக்கு மிச்சம் இருக்கோ எண்டு ஒருக்காலும் பாக்கிறேல்லை."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தெய்வானைப்பிள்ளை இடையில் எழும்பி விளக்கைக் கொளுத்திவிட்டு வந்து மறுபடி இருந்தாள்.

"என்ரை பிள்ளையும் அப்பிடித்தான்" என்றாள் அவள், தவநிதி மூச்சுவிட நிறுத்தியபோது. "நண்டெண்டால் அவளுக்கும் நான்தான் உடைச்சுக் குடுக்கவேணும்."

அடுத்தநாள் விடியக் களப்பிலிருந்து வந்த வள்ளத்தில் தெய்வானைப்பிள்ளை இரண்டு கோர்வை நண்டு வாங்கி வந்தாள். இரண்டு பேரும் குசினியில் எதிரெதிரே இருந்து துப்புரவாக்கி, முருங்கையிலை உருவிப் போட்டுக் காய்ச்சி, இரண்டு வாழையிலை விரித்துப் படைத்தார்கள். பிறகு அம்மிக்குழவியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக உடைத்து, சதையை உருவி, ஒருத்தி ஒரு இலையிலும் மற்றவள் மற்ற இலையிலும் வைத்துக்கொண்டே போனார்கள். வெயில் முற்றத்துக்கு வந்தது. காகம் படங்குத் தடியில் வந்து இருந்தது. இரண்டு இலையும் நிறைந்தபிறகும் சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.